512 என்று நம்பிய 256: ஒரே பூட்லோடரில் மூன்று போர்டுகளின் நினைவக அமைப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1972இல் தடையற்ற வாணிப மண்டலமாகத் தொடங்கப்பட்ட பினாங்கின் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களின் நீரேற்றுப் பம்புகளைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில், பூட்லோடரும் (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடி இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) கர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என் பொறுப்பில் இருக்கின்றன. பெட்டிக்குள் இருப்பது ஐ.எம்எக்ஸ்6 அல்ட்ராலைட் சில்லு, அதனுடன் ஒரே ஒரு டிடிஆர்3எல் நினைவகச் சில்லு, யூ-பூட் என்னும் பூட்லோடர், லினக்ஸ். 2021இன் இறுதியில், உலகமெங்கும் சில்லுகள் கிடைக்காமல் தவித்த காலத்தில், எங்கள் போர்டுகளில் ஏற்பட்ட ஒரு கோளாற்றையும் அதன் காரணத்தையும் நாங்கள் செய்த திருத்தத்தையும் இங்கே முழுமையாகப் பதிவு செய்கிறேன். ஒரே பூட்லோடரைப் பல போர்டுகளுக்குப் பயன்படுத்தும் எவருக்கும் இதே நிலை வரக்கூடும் என்பதால் சில இடங்களில் விரிவாகவே எழுதியிருக்கிறேன். கீழே வரும் எட்டு இலக்க எண்கள் அனைத்தும் ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான, எண்கள்.

கோளாறு வெளிப்பட்ட விதம்

அதுவரை எங்களிடம் ஒரே போர்டுதான் இருந்தது. அதில் 512 எம்பி நினைவகம். அந்தச் சில்லு கிடைக்காமல் போகவே, கொள்முதல் பிரிவினர் அதே 96 முனைக் கட்டமைப்பில், அதே கால்தடத்தில் உட்காரக்கூடிய 256 எம்பி சில்லை வாங்கினார்கள். எங்கள் மென்பொருளுக்கு 256 எம்பி தாராளமாகப் போதும் என்று நானே கையெழுத்திட்டேன். அந்தக் கணிப்பில் தவறில்லை. நினைவகம் போதுமா என்று கேட்ட நான், நினைவகம் குறைந்திருப்பதை யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

போர்டுகள் சோதனை மேசைக்கு வந்தன. மின்சாரம் கொடுத்ததும் யூ-பூட் எழுந்தது, கர்னல் ஏறியது, ஈதர்நெட் பேசியது, ரிலேக்கள் சொடுக்கின. இரண்டு நிமிடச் சோதனையில் எல்லாம் தேறின. ஆனால் நீண்ட நேர ஓட்டச் சோதனைக்கு அலமாரியில் அடுக்கியபோது, சில போர்டுகள் மூன்று மணி நேரத்திலும் சில போர்டுகள் மறுநாள் காலையிலும் விழுந்தன, அதாவது இயக்கம் முடங்கி நின்றன. விழும் இடம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. ஒருமுறை கோப்பு முறைமையில், ஒருமுறை ஈதர்நெட் இயக்கியில், ஒருமுறை கர்னலின் நினைவகப் பட்டியலிலேயே. இடம் மாறி மாறி விழும் கோளாற்றைப் பார்த்தால் முதலில் மின்வழங்கியையும் வெப்பத்தையும்தான் சந்தேகிக்கத் தோன்றும். நாங்களும் அதையே செய்தோம். மின்னழுத்தத்தை அலைவரைவியில் பார்த்தோம், விசிறி வைத்தோம், ஒரு போர்டைக் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே வைத்து ஓட்டினோம். பயன் இல்லை.

சோதனை மேசையைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் முதல் துப்பைக் கொடுத்தார். விழுந்த போர்டுகளை ஒரு தட்டிலும் விழாதவற்றை இன்னொரு தட்டிலும் பிரித்து வைத்திருந்தவர், உருப்பெருக்கி விளக்கின் கீழ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, விழுற போர்டுல எல்லாம் இந்தச் சின்னக் கறுப்புச் சில்லு மேல வேற நம்பர் இருக்கு, பாருங்க" என்றார். பழைய 512 எம்பி சில்லுகளில் மீதமிருந்தவை அதே தொகுதியில் கலந்திருந்தன. அவற்றில் ஒன்றுகூட விழவில்லை.

அதன் பிறகுதான் தொடர்முனையத்தில் யூ-பூட் அச்சிடும் வரியை நிதானமாகப் படித்தேன். 256 எம்பி சில்லு பூட்டிய போர்டு, "டிராம்: 512" என்று அறிவித்துக்கொண்டிருந்தது. பல நாட்களாக என் கண் முன்னாலேயே இருந்த வரி அது.

என் முதல் சோதனை ஏன் தவறான விடை தந்தது

நினைவகம் உண்மையில் 256 எம்பி என்றால், அடிமுகவரியான 80000000இலிருந்து 256 எம்பி தள்ளியுள்ள 90000000க்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. அங்கே எழுதினால் போர்டு நின்றுவிட வேண்டும், அல்லது எழுதியது வேறெங்காவது போய் விழ வேண்டும். இதைச் சரிபார்க்க யூ-பூட் கட்டளை வரியில் 81000000இல் 11111111 என்றும், சரியாக 256 எம்பி மேலே உள்ள 91000000இல் 22222222 என்றும் எழுதினேன். பிறகு 81000000ஐப் படித்தேன். 11111111 என்றே வந்தது. இரண்டும் தனித்தனி இடங்கள் என்று முடிவு செய்து, நினைவகத்தின் மீது இருந்த சந்தேகத்தைக் கைவிட்டேன். இரண்டு நாட்கள் அதில் போயின.

நான் மறந்தது கேஷ், அதாவது அண்மையில் தொட்ட தரவைச் செயலிக்கு அருகிலேயே வைத்திருக்கும் சிறு வேக நினைவகம். இந்தச் சில்லின் கார்டெக்ஸ்-ஏ7 கருவில் 32 கேபி தரவுக் கேஷும் அதற்குப் பின்னால் 128 கேபி இரண்டாம் நிலைக் கேஷும் உள்ளன. யூ-பூட் அவற்றை இயக்கிவிட்டே கட்டளை வரிக்கு வருகிறது. நான் எழுதிய இரண்டு எண்களும் கேஷில் இரண்டு தனித்தனி வரிகளாக அமர்ந்திருந்தன. சில்லுவரை அவை போகவே இல்லை. படித்ததும் கேஷிலிருந்துதான். தரவுக் கேஷை அணைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு அதே சோதனையை மறுபடி செய்தபோது, 81000000இல் 22222222 இருந்தது. நினைவகச் சோதனை செய்யும் ஒவ்வொருவரும் முதலில் கேஷை அணைக்க வேண்டும் என்பதை நான் இப்போது என் மேசையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

காரணம்: ஒரு வீட்டுக்கு இரண்டு கதவு எண்கள்

16 பிட் அகலமுள்ள டிடிஆர்3எல் சில்லு, உள்ளே எட்டு வங்கிகளாகவும், ஒவ்வொரு வங்கியும் வரிசைகளாகவும், ஒவ்வொரு வரிசையும் 1024 நிரல்களாகவும் பிரிந்திருக்கிறது. எங்கள் மூன்று போர்டுகளின் நினைவக அளவுகளான 256 எம்பி, 512 எம்பி, 1 ஜிபி மூன்றுக்கும் வங்கியும் நிரலும் மாறுவதில்லை. மாறுவது வரிசைகளின் எண்ணிக்கை மட்டுமே. 256 எம்பி சில்லுக்கு வரிசை முகவரி 14 பிட், 512 எம்பிக்கு 15, 1 ஜிபிக்கு 16. 15 வரிசைப் பிட்டுகள் என்று அமைக்கப்பட்ட நினைவகக் கட்டுப்பாட்டி, 14 பிட் மட்டுமே உள்ள சில்லிடம் பேசும்போது, மேல் பிட் செல்லும் கம்பியைச் சில்லு கண்டுகொள்வதில்லை. ஆகவே மேல் பாதி முகவரிகள் எல்லாம் கீழ்ப் பாதியின் மீதே மடிந்து விழுகின்றன. ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண்கள் எழுதினால், இரண்டு எண்ணுக்கும் வரும் கடிதங்கள் ஒரே திண்ணையில்தான் விழும்.

அப்படியானால் போர்டு உடனே விழாமல் மூன்று மணி நேரம் ஓடியது எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் இந்த வழக்கு எனக்கு முழுதாகப் புரிந்தது. யூ-பூட் முதலில் 87800000இல் நின்று ஓடுகிறது. நினைவகத்தின் அளவை அறிந்ததும் தன்னையே நினைவகத்தின் உச்சிக்கு நகர்த்திக்கொள்கிறது. 512 எம்பியின் உச்சி என்று அது நினைத்த இடம், மடிந்து, 256 எம்பியின் உச்சியில் விழுந்தது. அங்கே உண்மையான நினைவகம் இருந்தது, வேறு யாரும் அங்கே இல்லை. கர்னல் 80800000இலும், வன்பொருள் விவரங்களைக் கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ என்னும் தரவுக் கோப்பு 83000000இலும் ஏற்றப்பட்டன. அவை இரண்டும் கீழ்ப் பாதிக்குள். கர்னல் எழுந்ததும் தன் தொடக்கக்கால அட்டவணைகளை நினைவகத்தின் மேல் முனையிலிருந்து கீழ் நோக்கி ஒதுக்கிக்கொள்கிறது. அவையும் மடிந்து 256 எம்பியின் உச்சிக்குக் கீழே அமர்ந்தன. ஆக, ஒன்றோடொன்று மோதக்கூடிய எல்லாமே தற்செயலாக விலகி நின்றன. பம்புப் பதிவுகளை எழுத எழுதக் கோப்புக் கேஷ் பெருகி, இதுவரை தொடாத பக்கங்களைக் கர்னல் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியபோதுதான், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பதிவுக் கோப்பின் வரிகள் கர்னலின் சொந்த அட்டவணைகள் மீது விழுந்தன. எந்தப் பக்கம் எப்போது எடுக்கப்படும் என்பது வேலையின் போக்கைப் பொறுத்தது. அதனால்தான் விழும் நேரமும் இடமும் ஒவ்வொரு முறையும் மாறின.

ஒரே செய்தி ஐந்து இடங்களில்

எங்கள் பூட்லோடர் அமைப்பில் "நினைவகம் எங்கே, எவ்வளவு" என்ற ஒரே செய்தி எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். சில்லின் உள்ளே உள்ள துவக்க ரோம், படிமத்தின் (போர்டில் ஏற்றப்படும் பூட்லோடர் கோப்பின்) தலைப்பில் இருக்கும் ஒரு அட்டவணையைப் படித்து நினைவகக் கட்டுப்பாட்டியை அமைக்கிறது. 15 வரிசைப் பிட்டுகள் என்பது அங்கே எழுதப்பட்டிருந்தது. போர்டுக்கான தலைப்புக் கோப்பில் அடிமுகவரியும் அளவும் இருந்தன. கர்னலின் டிவைஸ் ட்ரீயில் நினைவகக் கணு 80000000 என்ற அடியையும் 20000000 என்ற அளவையும் சொன்னது. யூ-பூட் சூழல் மாறிகளில் (அது சேமித்து வைத்துப் படிக்கும் அமைப்பு மதிப்புகளில்) ஏற்றும் முகவரிகள் இருந்தன. ஐந்தாவது ஒன்றும் இருந்தது. அதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

இவற்றுள் எது எதை மேலெழுதுகிறது என்பது தெரியாமல் திருத்தத் தொடங்கினால் காலம்தான் வீணாகும். டிவைஸ் ட்ரீயில் உள்ள நினைவகக் கணுவை மாற்றினால் போதும் என்று முதலில் தோன்றியது. ஆனால் யூ-பூட் கர்னலுக்குக் கை மாற்றும் முன்பு அந்தக் கணுவைத் தன் கணக்குப்படி மேலெழுதிவிடுகிறது. அந்தக் கணக்கு, எங்கள் போர்டுக் குறிமுறையில், கட்டுப்பாட்டியின் ரெஜிஸ்டர்களை (அதன் அமைப்பு எண்கள் இருக்கும் சிறு இடங்களை) படித்து வரிசை, நிரல், வங்கி ஆகியவற்றைப் பெருக்கி அளவைச் சொல்லும் ஒரு செயற்கூறிலிருந்து வந்தது. அந்தச் செயற்கூறு வன்பொருளை நேரடியாகப் பார்த்து அளவைச் சொல்கிறது என்று நான் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். உண்மையில் அது படிப்பது கட்டுப்பாட்டியின் அமைப்பை மட்டுமே. கட்டுப்பாட்டிக்குப் பொய் சொன்னது நாங்கள், அந்தப் பொய்யை அது எங்களிடமே திருப்பிச் சொன்னது. தலைப்பு அட்டவணை படிமத்துக்கு ஒன்றுதான் என்பதால், ஒரு படிமம் ஒரு நினைவக அளவுக்கு மட்டுமே பொருந்தும் என்ற கட்டுப்பாடும் அதிலேயே அடங்கியிருந்தது.

போர்டுக்கு ஒரு அமைப்புக் கோப்பு, அளவுக்கு ஒரு படிமம் என்று பிரித்துவிடலாம் என்பது அப்போது முன்வைக்கப்பட்ட எளிய யோசனை. நான் அதை ஏற்கவில்லை. ஒரே தொகுதியில் இரண்டு வகைச் சில்லுகள் கலந்து வந்த தொழிற்சாலையில், எந்தப் போர்டுக்கு எந்தப் படிமம் என்று மனிதர் நினைவில் வைத்துக்கொள்வதை நம்பக் கூடாது. அளவு எழுதப்படாமல் அளக்கப்பட வேண்டும், மற்ற எல்லா இடங்களும் அந்த அளவீட்டிலிருந்து பெற வேண்டும் என்பதே எங்கள் முடிவு.

திருத்தம்

தலைப்பு அட்டவணையை நீக்கிவிட்டு, எஸ்பிஎல் என்னும் முதல்நிலைப் பூட்லோடருக்கு மாறினோம். அது சில்லுக்குள்ளேயே 00900000இல் இருக்கும் 128 கேபி நினைவகத்தில் ஓடுவதால், வெளி நினைவகம் இன்னும் அமைக்கப்படாத நிலையிலும் சாதாரண சி நிரலாக முடிவுகளை எடுக்க முடிகிறது. யூ-பூட்டில் இந்தச் சில்லுக் குடும்பத்துக்கான நினைவக அமைப்பு ஒரு கட்டமைப்பாக எழுதப்படுகிறது. எங்கள் மூன்று போர்டுகளுக்கிடையே அதில் மாறுவது இரண்டே எண்கள்: அடர்த்தி 2, 4, 8 ஜிகாபிட், வரிசைப் பிட்டுகள் 14, 15, 16. அடர்த்தியிலிருந்து, நினைவகத்தின் மின்னூட்டத்தைப் புதுப்பித்தலுக்கான காத்திருப்பு நேரம் கணக்கிடப்படுகிறது. அது முறையே 160, 260, 350 நானோ நொடிகள். இங்கே ஒரு வசதி இருக்கிறது. பெரிய சில்லின் காத்திருப்பைச் சிறிய சில்லுக்குக் கொடுத்தால் வேகம் சற்றுக் குறையுமே தவிர தீங்கில்லை. தலைகீழாகச் செய்தால் தரவு அழியும். ஆகவே எஸ்பிஎல் முதலில் எல்லாப் போர்டுகளையும் 1 ஜிபி என்று கருதியே கட்டுப்பாட்டியை அமைக்கிறது.

பிறகு யூ-பூட்டிலேயே உள்ள அளவறியும் செயற்கூறை அழைக்கிறது. அது செய்யும் வேலை அழகானது. உச்ச அளவின் பாதித் தூரத்தில் ஒரு குறியீட்டு எண்ணை எழுதும், பிறகு கால் தூரத்தில், பிறகு அதிலும் பாதியில் என்று அடிமுகவரியை நோக்கி இறங்கி வரும். எழுதுமுன் அங்கிருந்ததைச் சேமித்துக்கொள்ளும். கடைசியில் அடிமுகவரியில் சுழியத்தை எழுதும். இப்போது கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போகும். எந்தத் தூரத்தில் தான் எழுதிய எண் இல்லாமல் வேறு எண் இருக்கிறதோ, அங்கேதான் முகவரி மடிந்து அடியில் விழுகிறது. அந்தத் தூரமே நினைவகத்தின் அளவு. எங்கள் 256 எம்பி போர்டில் 90000000ஐப் படித்தபோது அங்கே அடியில் எழுதிய சுழியம் இருந்தது. எஸ்பிஎல்லில் கேஷ் இயக்கப்படாமல் இருப்பதால் என் முதல் சோதனையைக் கெடுத்த சிக்கலும் இங்கே இல்லை. நிரலின் தற்காலிக மதிப்புகள் இருக்கும் அடுக்கும் (ஸ்டாக்) சில்லின் உள்நினைவகத்திலேயே இருப்பதால், அளக்கும்போது அளப்பவனின் காலடியே சரியும் அபாயமும் இல்லை.

அளவு தெரிந்ததும் கட்டுப்பாட்டியை மீட்டமைத்து, சரியான இரண்டு எண்களுடன் முதலிலிருந்து அமைக்கிறோம். அதற்குப் பின் ரெஜிஸ்டர்களைப் படித்து அளவைச் சொல்லும் பழைய செயற்கூறு உண்மையையே சொல்கிறது. யூ-பூட் அதை நம்புகிறது, டிவைஸ் ட்ரீயின் கணுவை அதன்படி எழுதுகிறது. தலைப்புக் கோப்பில் அடிமுகவரி மட்டுமே மிஞ்சியது. (பழைய கிளையிலிருந்து புதியதற்கு மாறுவோர், பின்னர் வந்த வெளியீடுகளில் இந்த மாறிலியின் முன்னொட்டு "கான்ஃபிக்" என்பதிலிருந்து "சிஎஃப்ஜி" என்று மாறியதைக் கவனிக்க வேண்டும். பழைய பெயரைத் தேடினால் கிடைக்காது.)

சமிக்ஞைக் கம்பிகளின் நீளத்தைப் பொறுத்த நேரச் சீரமைப்பு எண்கள் இதில் சேராது. அவை சில்லின் கொள்ளளவோடு தொடர்பில்லாதவை, போர்டின் வரைபடத்தோடு தொடர்புள்ளவை. அவற்றை ஒவ்வொரு வரைபடத்துக்கும் மேசையில் அழுத்தச் சோதனைக் கருவியால் எடுத்து வைத்து, போர்டில் உள்ள இரண்டு அடையாள மின்தடைகளை எஸ்பிஎல் படித்துத் தேர்ந்தெடுக்கும்படி செய்தோம். மின்தடை போர்டின் வரைபடத்தைச் சொல்கிறது, அளவீடு சில்லின் கொள்ளளவைச் சொல்கிறது. இரண்டையும் கலக்காமல் வைத்ததே, கொள்முதல் பிரிவு நாளை மறுபடி சில்லை மாற்றினாலும் நாங்கள் நிம்மதியாக இருப்பதற்குக் காரணம்.

திருத்தத்துக்குப் பின் வந்த இரண்டு சிக்கல்கள்

புதிய படிமத்தை ஏற்றிய பிறகும் இரண்டு 256 எம்பி போர்டுகள் தொடர்ந்து விழுந்தன. யூ-பூட் இப்போது 256 என்றே அச்சிட்டது. கர்னலோ உள்ளே வந்ததும் 512 என்றது. ஐந்தாவது இடம் இதுதான். இமெம்சி என்னும் சேமிப்புச் சில்லில் சேமித்து வைத்த பழைய சூழல் மாறிகளில், கர்னல் கட்டளை வரியில், யாரோ எப்போதோ ஒரு சோதனைக்காக எழுதிய "மெம்" அளவுரு 512 என்று இருந்தது. 32 பிட் ஆர்ம் கர்னலில் இந்த அளவுரு நினைவகத்தைக் குறைக்க மட்டும் பயன்படுவதில்லை. டிவைஸ் ட்ரீ சொன்னதை முழுவதும் தள்ளிவிட்டு, தான் சொல்வதையே அளவாக வைத்துக்கொள்கிறது. அதை நீக்கியதும் இரண்டு போர்டுகளும் சரியாயின. புதிய யூ-பூட் துவங்கும்போது அந்த அளவுரு இருந்தால் நீக்கிவிடும்படி ஒரு சிறு வரியையும் சேர்த்தோம்.

1 ஜிபி போர்டில் வேறொரு சிக்கல் வந்தது. வழக்கமான துவக்கம் நன்றாக நடந்தது, மீட்பு அமைப்பு மட்டும் ஏறவில்லை. மீட்பு அமைப்புக்குத் தொடக்க ரேம் வட்டு (நினைவகத்திலேயே வைக்கப்படும் தற்காலிகக் கோப்பு முறைமை) தேவை. யூ-பூட் அதை நினைவகத்தில் எவ்வளவு மேலே வைக்க முடியுமோ அவ்வளவு மேலே நகர்த்துகிறது. 1 ஜிபி போர்டில் அந்த இடம், 32 பிட் கர்னல் வழக்கமான அமைப்பில் நேரடியாக எட்டக்கூடிய ஏறத்தாழ 760 எம்பி எல்லைக்கு மேலே போய்விட்டது. 512 எம்பி போர்டில் இது வர வழியே இல்லை. நகர்த்தலையே முழுவதும் முடக்கிவிடும் ஒரு பழைய வழக்கம் பல போர்டுகளின் அமைப்பில் இருக்கிறது. அது டிவைஸ் ட்ரீயின் முகவரி ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது என்பதால் நான் அதைத் தவிர்த்தேன். அதற்குப் பதிலாக, துவக்கத்துக்குப் பயன்படுத்தக்கூடிய பரப்பு 10000000, அதாவது 256 எம்பி, என்று சூழல் மாறியில் வரம்பிட்டோம். எங்கள் மிகச் சிறிய போர்டிலும் அந்தப் பரப்பு உண்டு என்பதால் மூன்றுக்கும் ஒரே எண் போதுமானதாயிற்று.

சோதனை மேசையிலும் இரண்டு மாற்றங்கள் செய்தோம். யூ-பூட் அச்சிடும் நினைவக வரியைச் சோதனை நிரல் படித்து, போர்டின் ஒட்டுச்சீட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுகிறது. அதன்பின் லினக்ஸ் ஏறியதும், காலியாக உள்ள நினைவகத்தில் பெரும்பகுதியை நிரப்பிப் படிக்கிறது. இரண்டு நிமிடச் சோதனை ஐந்து நிமிடமாயிற்று. உற்பத்திப் பிரிவு முதலில் முகம் சுளித்தது. விழுந்த போர்டுகள் இருந்த தட்டை அக்கா எடுத்து மேசை மேல் வைத்ததும் பேச்சு முடிந்தது.

இன்னும் ஒரு வகை மீதமிருக்கிறது. 1 ஜிபி சில்லுகளில் சில, ஒரே உறைக்குள் இரண்டு துண்டுகளை வைத்து, இரண்டாவது தேர்வுக் கம்பி வழியே அழைக்கப்படுபவை. அவற்றை மேலே சொன்ன மடிப்புச் சோதனை தனியாக இனங்காணாது. முதல் துண்டின் அளவை மட்டுமே சொல்லும். எங்கள் அடையாள மின்தடைகளில் நான்காவது இணைவை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். அந்த இணைவைக் கண்டால் எஸ்பிஎல் இப்போதைக்கு எதையும் ஊகிக்காமல், "தெரியாத நினைவக வகை" என்று தொடர்முனையத்தில் ஒரு வரி அச்சிட்டுவிட்டு அங்கேயே நிற்கிறது.